சுரங்க மிஸ் பேச வைத்த கல்

கல்லைப் பேச வைப்பேன் என்று சவால் விட்டு, அதைச் செய்தும் காட்டிய ஒரே மனுஷி இந்த உலகத்தில் சுரங்க மிஸ்தான். அந்தக் கல் நான்.

இலங்கை மலைநாட்டில், பதுளையில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்தில் நான் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பது என் கட்சி. 'சேர்' என்று அவர்கள் கூப்பிடுகிற என் வகுப்பில் கொட்டாவி விடாதது கரும்பலகை ஒன்றுதான் என்பது மாணவர்கள் கட்சி. மிஸ் எந்தத் துறையையும் சேர்ந்தவர் அல்ல. தேயிலை, கால்நடை, கணக்கியல், பாறை என்று யார் எதைப் படித்தாலும், படித்ததை அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எழுதவும் பேசவும் சொல்லிக்கொடுக்கிற பொதுப் பாடம் அவருடையது. ஒப்பந்த வேலை. வயதில் என்னைவிடச் சின்னவர், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அவர் எதிரே வந்தால் பேராசிரியர்களே வேறு படிக்கட்டில் இறங்கிவிடுவார்கள். கையில் அகப்பட்டவரை அவர் ரயிலேற்றிவிடுவார் என்ற பயம்தான்.

மிஸ்ஸின் வகுப்பறை மூன்றாம் வகுப்புப் பெட்டி. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அப்புத்தளைப் பக்கம் கிளம்புவார். ஒவ்வொருவரும் முன்பின் தெரியாத ஒரு பயணியிடம் தன் ஆராய்ச்சியை விளக்க வேண்டும். மலை ரயிலின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுரங்கம் வந்தால் பெட்டி முழுக்கக் கூவும். பால்குடிப் பிள்ளை முதல் பல்லுப்போன பெரியவர் வரை "ஹூ" என்று கூவித் தீர்ப்பார்கள். அந்தக் கூச்சலில் பேசுகிறவர் குரலை உயர்த்தக்கூடாது. விரலை உயர்த்தி அப்படியே நிற்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர வேண்டும். இதுதான் மிஸ்ஸின் சட்டம். சுரங்க மிஸ் என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

"கத்துறவங்களோட போட்டி போடாதீங்க. ஒங்க அடுத்த சொல்லுக்கு அவங்க ஏங்கிக் கெடக்கணும்" என்பார்.

கால்நடை படிக்கிற பையன் ஒருவன், "மாட்டுக்குக் காய்ச்சல் வந்தா மொதல்ல அதோட..." என்றபோது தெமோதரைப் பக்கத்துச் சுரங்கம் வந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால், மாடு வளர்க்கிற அம்மா ஒருவர் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அதோட என்னா? சொல்லித் தொலை சாமி!"

பையனுக்கு முழுப் புள்ளி.

ஒரு நாள் நானும் அகப்பட்டேன். மலைச்சரிவைப் பற்றி வடைக்காரரிடம் விளக்கினேன். அடுத்த ஸ்டேஷனான ஹாலிஎல தாண்டுவதற்குள் மனுஷர் கூடையைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிவிட்டார்.

"சேர், இந்த லைன்ல வடை விக்கிறவரு தூங்கி நான் பார்த்ததே இல்லீங்க" என்றார் மிஸ். அது பாராட்டு இல்லை.

பிறகுதான் இடி விழுந்தது. பொதுப் பாடத்தை எடுத்துவிடலாம் என்று பீடச் சபையில் பேச்சு. விஞ்ஞானம் படிக்கிறவனுக்கு வாய் எதற்கு என்று ஒரு பேராசிரியர் வாய் ஓயாமல் பேசினாராம். பாடம் போனால் மிஸ்ஸின் வேலையும் போய்விடும். அவர் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டார். தன்னிடம் பயின்ற ஒருவர் சபையில் பேசட்டும். மற்றத் துறைக்காரர்களுக்குப் புரியாவிட்டால் பாடத்தை மூடிவிடுங்கள். "கல்லையே பேச வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என் பெயரைக் கொடுத்துவிட்டார். வெளுத்து வாங்கக்கூடிய பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, என் பெயரை!

"ஒங்களுக்குப் பைத்தியமா மிஸ்? நான் பேசுனா எங்க வீட்டு நாயே எந்திரிச்சுப் போயிருது!"

"நல்லா பேசுறவங்க பேசுனா, அது பொறவியிலயே வந்ததுன்னு சொல்லிருவாங்க சேர். நீங்க பேசுனாத்தான் பாடத்தால வந்ததுன்னு நம்புவாங்க."

இத்தனை மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை.

அதன்பிறகு சனிக்கிழமையெல்லாம் ரயிலில் கழிந்தது. வடைக்காரர் என்னைக் கண்டதும் அடுத்த பெட்டிக்கு ஓடினார். விடாமல் துரத்திப் போய் விளக்கினேன். ஒரு வாரம் அவர் தூங்கவில்லை. இன்னொரு வாரம், சுரங்கம் முடிந்ததும் அவராகவே "பொறவு?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சபை கூடிய மண்டபத்துக்குத் தகரக் கூரை. நடுவில் சபைத் தலைவரான பீடாதிபதி, இரு பக்கமும் பேராசிரியர்கள், பின்வரிசையில் மிஸ். ஆங்கிலத்தில்தான் பேசினேன், இங்கே தமிழில் சொல்கிறேன்.

"மலை திடீரென்று சரிவதில்லை. சரிவதற்கு முன்னால் அது நம்மிடம் சொல்கிறது. முதலில்..."

பிடித்துக்கொண்டது மழை. எங்கள் ஊவா மாகாணத்து ஐப்பசி மழை தகரத்தில் கொட்டினால் நம் இருமல் நமக்கே கேட்காது. பழைய நானாக இருந்தால் நன்றி சொல்லி இறங்கியிருப்பேன். விரலை உயர்த்திக்கொண்டு நின்றேன்.

சபை என் விரலையே பார்த்தது. மழை விடுவதாக இல்லை. கை வலிக்கத் தொடங்கியது. அப்போது பின்வரிசையில் மிஸ் எழுந்தார். குரலை உயர்த்தவே உயர்த்தாத அந்த மனுஷி, வாயருகே கைகளைக் குவித்துக்கொண்டு, மழையை மீறி ஒரு கூவல் கூவினார் பாருங்கள்! "ஹூஊஊ!"

ஒரு கணம் எல்லோரும் திகைத்தார்கள். ஆனால் மலை ரயிலில் கூவாமல் வளர்ந்தவர் அந்தச் சபையில் யார்? முதலில் கணக்கியல் பேராசிரியர் கூவினார். அடுத்து தேயிலைக்காரர். சிங்களம், தமிழ், கூவலுக்கு மொழி ஏது? கடைசியில், வாய் எதற்கு என்று கேட்டாரே அவர், கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு எல்லோரையும் தோற்கடித்துவிட்டார்.

மழை தணிந்தது. கூவலும் அடங்கியது. விரலை இறக்கினேன்.

"முதலில், ஊற்றுத் தண்ணீர் கலங்கும்."

ஒருவரும் அசையவில்லை. நிலத்தில் விழுகிற வெடிப்பு, சாய்கிற மரம், காரணமில்லாமல் இறுகிப்போகிற கதவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். முதலில் கை தூக்கியவர் பீடாதிபதி. அவர் வீட்டுச் சமையலறைக் கதவு கொஞ்ச நாளாகத் திறக்க மறுக்கிறதாம். பயப்பட வேண்டுமா என்று கேட்டார். ஆளுக்கொரு கேள்வி கிளம்பியது. பாடத்தை மூடுகிற பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. எல்லாத் துறைக்கும் அது கட்டாயம் என்று தீர்மானமாயிற்று, மிஸ்ஸின் வேலையும் நிரந்தரமாயிற்று. அடுத்த சனிக்கிழமை விஷயத்தைக் கேட்ட வடைக்காரர், சுரங்கமே இல்லாத இடத்தில் ஒரு கூவல் கூவினார்.

மிஸ்ஸின் வீடு அப்புத்தளையில். இன்றும் மாலை ரயிலில் போகும்போது, என் மாணவர்களின் அறிக்கைகளைத் திட்டுவதற்காக எனக்கு ஃபோன் எடுப்பார். "சேர், ரெண்டாம் பக்கத்துல ஒங்க பையன்..." என்னும்போது சுரங்கம் வந்துவிடும், லைன் ஊமையாகிவிடும். வெளியே வந்ததும் 'ஹலோ' எல்லாம் கிடையாது. விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். அதுவரைக்கும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், அந்த அடுத்த சொல்லுக்காக நான் ஏங்கிக் கிடக்கிறேன்.