இன்னொருவாட்டி அக்கா

பூமி சுற்றுவது நின்றுவிட்டது என்று உலகமே சொன்னாலும், “இன்னொருவாட்டி பாத்துடலாம்” என்று சொல்லக்கூடிய ஒரே ஜீவன் அவர்தான். விவேக் நகர் பக்கம் ஒரு சின்னக் குழந்தைகள் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை அவர் வேலை. எல்லோருக்கும் ‘இன்னொருவாட்டி அக்கா’. சொந்தப் பெயர் டாக்டருக்கே தெரியாது.

என் நாலு வயது மகள் நிலாவை நிமோனியாவோடு அங்கே சேர்த்தோம். அக்கா முதலில் அவளுடைய கரடி பொம்மையின் கையில் பஞ்சைத் தேய்த்து, அதனிடம் அனுமதி வாங்கினார். பிறகு என்னிடம், “சார், நீங்க சுவத்தப் பாருங்க. அப்பாங்கதான் விழுவாங்க” என்றார். நான் கௌரவமாக ஊசியைப் பார்த்தேன். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நிலா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஓர் அளவு. உள்ளே கிருமியோடு சண்டை மூண்டால் ஏறும், அடங்கினால் இறங்கும். நிலாவுக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் குறைந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். பையை மூடிவிட்டேன்.

லிஃப்டை நம்பாத அக்கா மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்க வாசலை மறித்து நின்றார்.

“ஜொரம் எறங்கிச்சு சார், நம்பர் ஏறிருக்கு.”

“மெஷின் தப்பா இருக்கும்க்கா. பாப்பா நல்லா விளையாடறாளே!”

“மெஷின நானும் நம்பல. ரெண்டுவாட்டி ஓட்டிட்டேன்.”

டாக்டர் சலித்துக்கொண்டார். “ஒரு நம்பர வெச்சு முடிவு பண்ண முடியாதும்மா.”

“நம்பர பாக்க வேணாம் டாக்டர். கொழந்தைய இன்னொருவாட்டி பாருங்க. ஸ்வல்ப, கொஞ்சம் முதுகுல கொழாய வெச்சுக் கேளுங்க.”

அவர் நகர்வதாக இல்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். முகம் மாறியது. ஸ்கேனில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. குழாய் போட்டு வடித்தார்கள், மருந்தை மாற்றினார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க, மறுபடி தூக்க என்னால ஆகாது” என்றார்.

அதன்பின் ரத்தம் எடுக்கும் நாளிலெல்லாம், ரயில்வே அறிவிப்பு மாதிரி வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்துவார்: “நிலா பாப்பா நம்பர் எறங்கிச்சு!” பக்கத்துக் கட்டில் அம்மாக்களும் கைதட்டுவார்கள். இரண்டாம் வாரம் வீடு திரும்பினோம்.

இப்போதும் அந்தத் தெருவில் போனால் ஆட்டோவை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்கிறேன். உள்ளே அவர் யாரையாவது அதட்டும் சத்தம் கேட்டால் போதும். நிம்மதியாகக் கிளம்பிவிடுவேன்.