லொறியில் வந்த ரசிகர்கள்

பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிதான் பிடித்தது. அதைக் காப்பாற்ற ஆறு சனிக்கிழமைகள் பிடித்தன.

அப்போது எனக்குப் பதினாலு வயது. மாவட்டக் கலைவிழாவுக்கு நாட்டிய நாடகம் போடுகிறார்கள், மன்னார் பட்டினத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பேசாலையிலிருந்து நான் ஒருத்திதான் பஸ் ஏறினேன். முறையாக நடனம் படித்தவள் இல்லை. வீட்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு வருடமாக ஆடி வந்தேன். கண்ணாடி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

நாட்டிய ரீச்சர் குறை சொல்வதற்கென்றே மூக்குக்கண்ணாடி போட்டவர் மாதிரி இருந்தார். மயில் போல ஆடச் சொன்னார். ஆடினேன். கைகளை விரித்து நான் சுழன்ற சுழற்சியில் பக்கத்துப் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பிள்ளை, நில்லும். இது மயிலோ, இல்லாட்டி வலை வீசுறீரோ?"

"மயில்தான் ரீச்சர்."

"நான் தாளம் போடுறது மன்னாரில. உம்மட கால் பாப்பாமோட்டைக்கெல்லோ போகுது!"

மண்டபமே சிரித்தது. எட்டுப் பேரை எடுத்தார்கள். அந்த எட்டுப் பேரில் நான் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுத அழுகையைப் பார்த்து, செத்த வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து யாரோ எழும்பி எனக்கு இடம் தந்தார்கள். (நானும் மறுக்காமல் இருந்துகொண்டேன்.)

உண்மையைச் சொல்வதென்றுதான் வீட்டுக்குப் போனேன். ஆனால் படலையிலேயே அப்பா நின்றார். கடலுக்குப் போய் வந்த களைப்போடு, தூங்காமல் எனக்காகக் காத்து நின்றிருக்கிறார். உள்ளே அம்மா நண்டுக்கறி வைத்திருந்த வாசம்.

"என்ன மகள், எடுத்திட்டினமோ?"

"ஓம் அப்பா" என்றது என் வாய். (நான் இல்லை, வாய்தான்.)

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. பின்னேரத்துக்குள் கடற்கரை முழுக்கச் செய்தி பரவியது. அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதென்று அம்மா தலைவாரிப் பூ வைத்து அனுப்பிவிட்டார். போக வேறு இடமில்லாததால் அந்த மண்டபத்துக்கே போய், வெளியே யன்னலுக்குக் கீழே குந்தியிருந்தேன். உள்ளே எட்டு மயில்கள் ஆடின. வெளியே ஒன்பதாவது மயில் மாங்காய் தின்றது. வீட்டில் மாமி ஆடிக்காட்டச் சொன்னால், "ரீச்சர் இப்ப ஒருத்தருக்கும் காட்ட வேண்டாமாம்" என்று தப்பிக்கொள்வேன்.

ஐந்தாவது சனிக்கிழமை ரீச்சரின் தலை யன்னலுக்கு வெளியே வந்தது.

"நீர் அந்த வலை வீசின பிள்ளையெல்லோ? கிழமைக் கிழமை இதில என்ன செய்யிறீர்?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கக்கினேன். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் என்பது பிறகுதான் விளங்கியது.

"ஆட விடமாட்டன். அது நாடகத்துக்குக் கூடாது. ஆனா திரை இழுக்க ஒரு ஆள் வேணும். இழுப்பீரோ?"

கரையில் நின்று கயிறு பிடித்து வலை இழுக்கிற கரைவலைக்காரன் மகளிடம் கேட்கிற கேள்வியா அது!

விழா நாள் வந்தது. திரைக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். மண்டப வாசலில் கருவாடு ஏற்றுகிற லொறி நின்றது. அதிலிருந்து அப்பா, அம்மா, மாமி, எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க இறங்கியது. நல்ல உடுப்பு உடுத்து, பவுடர் பூசி, ஆனால் லொறியின் வாசத்தோடு வந்து இரண்டாம் வரிசையில் அமர்ந்தார்கள். முதல் வரிசைப் பெரியவர்கள் ஒவ்வொருவராக லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார்கள்.

முதற்காட்சிக்குத் திரை ஒழுங்காகத் திறந்தது. மயில்கள் ஆடின. பாட்டு முடிந்தது, மூட வேண்டும். இழுத்தேன், வரவில்லை. கயிறு எங்கேயோ சிக்கியிருந்தது. அப்பா பார்க்கிறாரே என்ற பதற்றத்தில், காலை ஊன்றி, கரைவலை இழுப்பது போல ஒரே இழுவை.

திரை வந்தது. அதைக் கட்டியிருந்த கம்பும் வந்தது. எட்டு மயில்களும் துணிக்குள் மறைந்தன. கயிற்றைக் கையில் சுற்றியிருந்ததால் நானும் மேடை நடுவுக்குப் போய், குவியலுக்கு மேலே விழுந்தேன். கீழேயிருந்து, "ஐயோ, என்ட தலை!" என்று ஒரு மயில் கத்தியது.

தலையில் திரையோடு எழும்பி நின்றேன். இரண்டாம் வரிசையில் அப்பா எழும்பினார்.

"அதுதான் என்ட பிள்ளை!" என்று கைதட்டினார். லொறியில் வந்த அத்தனை பேரும் சேர்ந்து தட்டினார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. குனிந்து வணங்கினேன்.

திரும்பும்போது லொறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மற்றவர்கள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள்.

"அப்பா, என்னை ஆட எடுக்கேல்ல. திரை இழுக்கத்தான் விட்டவை."

"தெரியும் மகள். போன கிழமை உன்னைத் தேடி மண்டபத்துக்கு வந்தனான். ரீச்சர் சொன்னவ."

"பிறகேன் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"நீ திரை இழுக்கிறதப் பாக்கத்தான்."

"அவையளுக்கு அதைச் சொன்னனீங்களோ?"

"சொன்னா லொறியில ஏறியிருப்பினமோ?" என்றார் அப்பா. அன்று முதல்முறையாகச் சிரித்தேன், மூக்கால் சளி வரும்வரை.

என் கலியாண வீட்டில் இந்தக் கதையை மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அப்பாவே சொன்னார். என் கணவர் அதை அப்படியே சுவீகரித்துக்கொண்டார். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் தேநீருக்கு முன் அதைத்தான் பரிமாறுவார். போன கிழமை அவர் சொல்லக் கேட்டேன். பேசாலையிலிருந்து மூன்று லொறி வந்ததாம்.