இந்துக் கிடாரத்தில் பால் முடிந்த கதை

‘ஓம்’, ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடியவேண்டிய கேள்விக்கு விளக்கம் சொல்லத் தொடங்குபவர்கள் இரண்டு வகை. ஒரு வகை வக்கீல்கள். அவர்களுக்காவது காசு கிடைக்கும். மற்ற வகை நான்.

ஜப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட காலையில், நானும் மாமியும் கைக்குழந்தையுமாகத் தம்பலகாமத்துக்கு ஓடினோம். துறைமுகத்தில் வேலை பார்த்த கணவர் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். மகள் டின்பாலில் வளர்ந்தவள். அந்த டின்னை மறக்கக்கூடாதென்று பத்திரமாக எடுத்து வைத்தேன், வீட்டுக் குசினி மேசையில். (மூட்டையை அவிழ்த்தபோது உள்ளே இருந்தது சுவர் மணிக்கூடு.) மாமியோ தண்ணி குடிக்கிற தன் மூக்கு வைத்த பாத்திரத்தை, மூக்குப்பேணியை, மறக்கவில்லை. வேறெதிலும் அவர் வாய் நனைப்பதில்லை. வேறு யாரும் அதைத் தொடவும் ஏலாது.

அங்கே பள்ளிக்கூட வளவில் இந்தியச் சிப்பாய்கள் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பட்டாள வழக்கப்படி இந்துக்களுக்கு அண்டா போல ஒரு கிடாரம், முஸ்லிம்களுக்கு ஒன்று. இந்துஸ்தானி தெரிந்த மூதூர் முஸ்லிம் வியாபாரி ஒருவர், எல்லாருக்கும் ‘நானா’, நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

“தங்கச்சி, நீங்க இந்துவா?”

“சைவம்” என்றேன்.

“அப்ப இந்துதானே?”

மகள் தோளில் வீரிட்டுக்கொண்டிருந்தாள். படித்த படிப்பு அதைவிடப் பெரிதாக வீரிட்டது.

“அப்பிடிச் சொல்லேலாது, நானா. எங்கட பழைய தோத்திரங்களில அந்தச் சொல்லே இல்லை. சிந்து நதிப் பக்கத்து ஆக்களைப் பாரசீகர் கூப்பிட்ட பேர் அது. சமயத்துக்குப் பேரானது பிறகுதான். வெள்ளைக்காரன் வைச்சது எண்டு சிலர் சொல்லுவினம்...”

‘சிலர்’ என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடுமே என்று பயம் வந்தது.

“வேற சிலர், அதுக்கு முந்தியே எங்கட ஆக்கள் தங்களை அப்பிடிச் சொன்னவை எண்டு...”

வரிசை என்னை விலத்திப் போய்க்கொண்டிருந்தது. “பிள்ளைக்குப் பாலோ, சரித்திரமோ?” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

“சரி, இந்து எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ” என்று நான் இறங்கி வந்தபோது, அகப்பை அடியில் சுரண்டும் சத்தம் கேட்டது. இந்துக் கிடாரம் காலி.

நான் அழுத அழுகையில் மகளே ஒரு கணம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மற்றக் கிடாரத்துச் சிப்பாய், பெரிய மீசைக்காரர், என்ன நடந்ததென்று வியாபாரியிடம் கேட்டார். என் பிரசங்கம் முழுவதையும் வியாபாரி இரண்டே வரியில் சொன்னார். சிப்பாய் சிரித்து, தன் நெஞ்சில் தட்டி ஏதோ சொன்னார்.

“இவர்ர வீடு சிந்து நதிக்கரையிலதானாம். நீங்க சொல்றது சரியெண்டா, இந்த வளவுக்குள்ள அசல் இந்து இவர் ஒராள்தானாம்!”

அவர் பாலை அள்ளி அகப்பையை நீட்டினார். நான் கை நீட்டவில்லை. மாமியைப் பார்த்தேன். பிறர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். மாமி பிள்ளையைப் பார்த்தார். அவளுடைய அழுகை இப்போது மெலிந்து முனகலாகியிருந்தது.

“நீ சொன்னது உண்மையோ?”

“ஓம் மாமி. ஆனா வேற சிலர்...”

“வாயை மூடு. ஆத்தங்கரைப் பொடியன்தானே இந்து? பிறகென்ன!”

மாமி மூக்குப்பேணியை நீட்டினார். தன் கையாலேயே பேத்திக்குப் பருக்கினார். மிச்சத்தை அண்ணாந்து தன் வாயிலும் ஊற்றிக்கொண்டார். போகும்போது வியாபாரியிடம் சிப்பாயின் பேரையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

பின்னேரம் கணவர் புழுதியும் கரியுமாக, உயிரோடு வந்து சேர்ந்தார். மாமி கண்ணைத் துடைத்துவிட்டுச் செய்தி சொன்னார்: “தம்பி, ஒரு இந்துப் பொடியன்தான் எங்கட பிள்ளைக்குப் பால் தந்தவன்.”

“ஆரம்மா? பேரென்ன?”

“அப்துல்லா.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். “வேண்டாம்!” என்றார்கள் தாயும் மகனும் ஒன்றாக.

மாமி இன்றில்லை. மூக்குப்பேணி மகளிடம் இருக்கிறது. நான் எந்தக் கதையிலாவது “சிலர் சொல்லுவினம்” என்று தொடங்கினால் போதும். அவள் எழும்பிவிடுவாள். உள்ளே போய் அந்தப் பேணியை எடுத்து வந்து, வெறுமையாக என் முன்னால் நீட்டுவாள்.