எட்டு வருஷமும் பதினொரு மரமும்

இருபத்திரண்டு வருஷ இல்லறத்தில் நான் ஒரே ஒரு சதிதான் செய்திருக்கிறேன். போன அக்டோபரில் செய்தேன். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை.

குலசேகரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் உண்டு. மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. வெட்டு இல்லாவிட்டால் நான் வீட்டில் இருப்பேன். நான் வீட்டில் இருந்தால் என் மனைவி இசபெல்லுக்கு எனக்கான வேலைகள் ஞாபகம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அவள் இங்கிலீஷ் டீச்சர். வீட்டில் ஹெட்மாஸ்டர். அன்றைக்குப் பார்த்து கலெக்டர் மழைக்கு லீவு விட்டிருந்தார்.

"இஞ்ச பாருங்க. ஜெனிலாக்க அப்ளிக்கேஷனுக்கு அப்பா ஒரு லெட்டர் எழுதணும்."

ஜெனிலா எங்கள் மூத்தவள். பிளஸ் டூ. அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினன், அங்கே ஒரு கல்லூரியில் டிகிரியும் டாக்டர் படிப்பும் ஒன்றாகச் சேர்ந்தே கிடைக்கிறது, ஒரே அப்ளிக்கேஷன் போதும் என்று சொல்லி வைத்திருந்தான். அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"மொத்தம் எத்தன வருஷம்?"

"நாலு டிகிரி. பொறவு நாலு டாக்டர்."

"ஏட்டி, எட்டு வருஷமா? ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல படிச்சா மத்தியானம் நானே சோறு கொண்டு குடுத்துட்டு வருவேன்."

"அவ டாக்டருக்குப் படிக்கப் போறாளா, உங்க சோறு திங்கப் போறாளா?"

"அங்க குளிரும்."

"ஸ்வெட்டர் போடுவா."

"மீன் கிடைக்காது."

"கடல் அங்கயும் உண்டு. லெட்டர எழுதுங்க. பிள்ளய நல்லாட்டுச் சொல்லணும். ஒத்தக் கொறையும் எழுதப்பிடாது, கேட்டியளா?"

"செரி" என்றேன். அவளிடம் நான் வேறு எதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

எட்டு வருஷம்! தினமும் காலையில் என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பது ஜெனிலாதான். அவள் போய்விட்டால் யார் பார்ப்பது? பிரஷர் ஒரு சாக்கு. என் பிள்ளை இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால், பிள்ளையின் படிப்பைக் கெடுத்தவன் என்று ஊரே சொல்லும். அதனால் சொல்லாமல் கெடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

எழுத உட்கார்ந்தேன். ஒரு குறையையும் விடவில்லை.

ஒன்று. ஆறு வயதில் ரப்பர் மரத்தில் பால் வடிவதைப் பார்த்து, மரத்துக்கு அடிபட்டு விட்டது என்று என் புது வேட்டியைக் கிழித்துப் பதினொரு மரங்களுக்குக் கட்டுப் போட்டாள். பால் வெட்ட வந்த வெட்டுக்காரர் தாணுமாலயனும் சிரித்துவிட்டு, அந்தப் பதினொன்றை மட்டும் ஒரு வாரம் வெட்டவில்லை. எனக்கு நஷ்டம். இரண்டு. அதே தாணுமாலயனுக்குக் கத்தி கையில் பட்டபோது, டியூஷனை வெட்டிவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், தையல் போடும்வரை நர்ஸோடு வாதாடினாள். மூன்று. மரியாதை தெரியாது. கல்யாணப் பந்தியில், பெரியப்பா என்றும் பார்க்காமல், பிரஷர் இருக்கிறது என்று அவர் இலையிலிருந்து பப்படத்தை எடுத்துவிட்டாள். நான்கு. பாட்டிலில் போட்ட தேதி கழிந்துவிட்டது என்று என் சத்து டானிக்கைத் தென்னைக்கு ஊற்றினாள்.

இப்படிப்பட்ட பிள்ளையை எந்தக் கல்லூரி சேர்க்கும்?

தமிழில் எழுதியதை இங்கிலீஷாக்கி அப்ளிக்கேஷனில் ஏற்ற வேண்டும். வீட்டில் டீச்சர் இருந்தும், ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷிபுவிடம் போனேன். வாசித்துவிட்டு அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"அண்ணே, இது பிள்ளய சேக்கச் சொல்லிய லெட்டரா, போலீஸ் கம்ப்ளெயிண்டா?"

"உள்ளது உள்ளபடி இங்கிலீஷாக்குடே. டீச்சரிட்ட மட்டும் பறஞ்சிராத."

"நான் எதுக்கு அண்ணே பறையுதேன்?"

நிம்மதியாக வீட்டுக்கு வந்து இரண்டு கிளாஸ் கட்டன்சாயா குடித்தேன். ஷிபுவுக்குப் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது யார் என்பது மட்டும் எனக்கு நினைவு வரவில்லை.

மார்ச் மாதம். இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தியிருந்த சமயம். திரும்பவும் நான் வீட்டில். ஜெனிலா போனோடு அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக ஓடினாள். இடம் கிடைத்துவிட்டது. கல்லூரி அனுப்பிய கடிதத்தின் கடைசி வரிகளைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினாள்: "உங்கள் அப்பாவின் கடிதத்தை எங்கள் குழுவில் எல்லாரும் வாசித்தோம். பதினொரு மரங்களும் நலமா?"

"அப்பா, அந்த வேட்டி உங்களுக்கு இன்னும் ஞாபகம் உண்டா?" என்று கேட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இருவரும் ஒரே காரணத்துக்காக அழவில்லை.

இசபெல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஷிபு அன்னைக்கே லெட்டர எனக்கு அனுப்பித் தந்தான். நான் ரெண்டு கமா மட்டும் மாத்தினேன்."

"அப்பம் ஒனக்கு எல்லாம் தெரியுமா?"

"பொகழ்ந்து எழுதச் சொன்னா நீங்க கல்யாணப் பத்திரிகை மாதிரில்லா எழுதுவிய? திருநிறைச்செல்வின்னு. கொறை சொல்லும்போதுதான் உங்களுக்கு உள்ளது வாயில வரும்."

"கொறை எழுதப்பிடாதுன்னு நீதானட்டி சொன்ன?"

"சொன்னேன். எனக்க முன்னால செரின்னு தலையாட்டுவிய, பொறத்தால போயி மாத்திச் செய்விய. இருவத்திரெண்டு வருஷமா பாக்கேன்லா."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெனிலா பட்டையை எடுத்து வந்து பிரஷர் பார்த்தாள். ஏறியிருந்தது. ஆகஸ்டில் விமானம். அதற்குள் எத்தனை காலைகள் இருக்கின்றன என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

இளையவள் சிந்தியா பத்தாம் வகுப்பு. சீக்குப் பிடித்த ஒரு கோழிக்குஞ்சைத் துவர்த்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்காளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இசபெல் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு. இவளுக்க கொறையள இப்பமே குறிச்சு வைங்க."

"சிந்தியாகிட்ட ஒத்தக் கொறையும் கிடையாது!" என்று கத்தினேன், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, குறை எழுதக்கூடாது என்று மனைவி அக்டோபரில் சொன்னதை அப்படியே கேட்டு.