முத்தம்மா கேட்ட ஒன்ஸ் மோர்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள்: முன் வரிசையில் துணிக்கடை ராவுத்தர். பின்னால், பூண்டியிலிருந்து பூண்டு மூட்டையோடு சந்தைக்கு வந்த ஆட்கள். பெண்கள் பெஞ்சில் என் மனைவி முத்தம்மா. மேடையில் ராஜபார்ட் நடிகர். திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்.

நான் செய்தது பொறாமையில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோடைக்கானலில் அந்தக் கொட்டகையை வெள்ளைக்காரர்கள் தங்கள் பாட்டு நாடகத்துக்குக் கட்டினார்கள். சீசன் முடிந்து அவர்கள் இறங்கியதும் தமிழ்க் கம்பெனிகள் ஏறி வரும். குளிருக்குப் பயந்து மத்தியானமே ஆட்டம். யார் பாடினாலும் திரை இழுப்பது நானும் மாரியும்தான். வெல்வெட் திரை. இரண்டு ஆள் பாரம்.

கல்யாணமாகி மூன்று மாதம். முத்தம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. (சிரிக்கும்படி நான் எதுவும் பேசியதும் இல்லை.) அன்று ராஜபார்ட் மீசையைத் தடவினார். சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

ராஜா போரில் செத்து விழுந்தார். அங்கே திரையை விட வேண்டும். முத்தம்மா, "ஒன்ஸ் மோர்" என்றாள். பள்ளிக்கூடம் போகாதவள். எங்கே படித்தாளோ. செத்தவர் எழுந்து, சாகும் பாட்டை மறுபடி பாடி, மறுபடி செத்தார். மறுபடி கேட்டாள். மறுபடி எழுந்தார்.

ஐந்தாவது முறை எழுந்ததும், மாரியை டீ குடிக்கப் போகச் சொன்னேன்.

"இப்பவா? ஆளு இன்னும் சாகலையே."

"நான் பாத்துக்கிறேன். வெரசா போ."

முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். திரை கீழே போனது. நான் மேலே போனேன். கயிறு திரைக்கு வெளியே, எல்லோரும் பார்க்கும் இடத்தில். உச்சியில் கப்பியில் தலை இடித்து நின்றேன். வேட்டி முளையில் மாட்டிக் கீழேயே தங்கிவிட்டது. (துரை கொடுத்த கம்பளி டவுசர் மானத்தைக் காத்தது.)

ராவுத்தர் அண்ணாந்து பார்த்தார். "ஏலே, அங்க என்ன சோலி?"

"திரைச் சோலிதாங்க."

கிரீடம் சரிய ராஜபார்ட் வெளியே வந்தார். திரையை அடியில் பிடித்துத் தூக்கி என்னை இறக்கினார். அவர் கையாலா இறங்க வேண்டும்? கால் தரையில் பட்டது. கயிற்றை இன்னும் விடவில்லை.

முத்தம்மா எழுந்து நின்றாள்.

"ஒன்ஸ் மோர்."

கேட்டால் தட்டாத மனுசர். கையை விட்டார். மறுபடி மேலே போனேன்.

அங்கிருந்து பார்த்தேன். முத்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்றும் நான் பிளம்ஸ் மரத்திலிருந்து இறங்கினால், பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று "ஒன்ஸ் மோர்" என்கிறார்கள். சொல்லிக் கொடுத்தது அவள்தான். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. அன்று அவள் கேட்டது, ராஜாவுக்கு ஐந்து. எனக்கு ஒன்று.