கரும்பாறையின் ஒரே லைவ் ஆல்பம்

தெரியாத விஷயத்துக்குத் தெரிந்த மாதிரி தலையாட்டுகிறவனிடம் எந்த வேலையையும் ஒப்படைக்கக் கூடாது. இருபத்தைந்து வயதுவரை நான் யாரிடமும் “அப்படின்னா என்னண்ணே?” என்று கேட்டதே இல்லை. கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைப்பு. (இருந்தால்தானே போவதற்கு.)

உத்தமபாளையத்தில் எங்களுக்கு ஒரு ராக் இசைக்குழு இருந்தது. பெயர் ‘கரும்பாறை’. கிதார் பாண்டி, டிரம்ஸ் அடியேன், பாட்டு ஜெரோம். ஜெரோமுக்குச் சொந்த ஊர் ராயப்பன்பட்டி, சர்ச் பாடற்குழுவில் வளர்ந்த குரல். அவன் பாடினால் ரோட்டில் போகிறவன் வண்டியை நிறுத்துவான். நான் அடித்தால் நிறுத்தியவனும் கிளம்பிவிடுவான்.

ஒரு கட்டத்தில் அவன் குரலில் கரகரப்பு ஏற ஆரம்பித்தது. “ஏலே, இப்பத்தான்டா உனக்கு ராக் குரலே வந்திருக்கு” என்று கொண்டாடினோம். இன்னும் கொஞ்சம் கரகரன்னு பாடேன் என்று நானே கேட்டிருக்கிறேன். மதுரை டாக்டர் அதற்குத் தொண்டைப் புற்று என்று பெயர் சொன்னார். குரல்வளையை எடுத்தால் பிழைத்துக்கொள்வான், ஆனால் இந்தக் குரல் இனி கிடையாது என்றார். அவன் மனைவி ஸ்டெல்லா அப்போது முழுகாமல் இருந்தாள்.

ஜெரோம் அழவில்லை. “ஒரு கச்சேரி வைப்போம்டா. மொத்தத்தையும் ரெக்கார்டு பண்ணி லைவ் ஆல்பமா போட்டுருவோம். எம்புள்ள நாளைக்கு எங்கொரலக் கேக்கணும்ல” என்றான். அவ்வளவுதான் அவன் கேட்டது. மதுரையிலிருந்து ஆள் கூட்டிவரலாம் என்றான் பாண்டி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஆல்பத்த எங்கிட்ட விடு” என்றேன்.

எங்கள் ஊர்க் கடைவீதியில் செல்வம் அண்ணனின் ஸ்டூடியோ இருந்தது. போர்டில் ‘போட்டோ, வீடியோ, லைவ், ஆல்பம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். லைவும் இருக்கிறது, ஆல்பமும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று உள்ளே போனேன்.

“அண்ணே, மண்டபத்துல புரோகிராம் வச்சிருக்கோம். லைவ் ஆல்பம் ஒண்ணு பண்ணணும்.”

“பண்ணிருவோம் தம்பி. எத்தன ஷீட்டு?”

சங்கீதக்காரர்கள் நோட்ஸ் எழுதி வைத்திருக்கும் காகிதத்தைக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். “ஷீட்டெல்லாம் கெடையாதுண்ணே. எல்லாம் மனப்பாடம்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சரி, நானே பாத்து வச்சுக்கிறேன். மேட்டா, கிளாசியா? கிளாசின்னா பளிச்சுன்னு இருக்கும்.”

“பளிச்சுன்னே இருக்கட்டும்ணே.” குரல் பளிச்சென்று கேட்க வேண்டாமா.

“வீடியோ?”

“அதெல்லாம் வேணாம்ணே. ஆல்பம் மட்டும் போதும்.” அசல் ராக் ரசிகன் காதால்தான் கேட்பான் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

கச்சேரி நாளன்று கல்யாண மண்டபம் நிரம்பிவிட்டது. செல்வம் அண்ணன் ரெண்டு கேமராவோடு வந்து ஜெரோமைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். ஆல்பத்தின் அட்டைப் படத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன். பாண்டிக்குத்தான் சந்தேகம். “அண்ணே, ஒயரு ஒண்ணையும் காணமே?” என்றான்.

“இப்பல்லாம் ஒயர்லெஸ்ஸுதான் தம்பி” என்றார் அவர். (பிளாஷ் லைட்டைச் சொல்லியிருக்கிறார்.)

அது போதாதென்று நான் மைக்கைப் பிடித்து, “தயவுசெஞ்சு யாரும் செல்போன்ல எடுக்காதீக. ஆல்பம் வருது” என்று அறிவித்தேன். சனங்களும் போனை எல்லாம் பைக்குள் வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர் சொல்லைக் கேட்டு நடந்தது அந்த ஒரு நாள்தான்.

ஜெரோம் பாடினான். தொண்டையைக் காப்பாற்றி இனி என்ன செய்யப் போகிறோம் என்று தீர்மானித்தவன் பாடுகிற பாட்டு. கடைசிப் பாட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டே பாடினான். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்து, எந்தத் தோலில் அடிக்கிறேன் என்றே தெரியவில்லை. இப்படி ஒரு பாட்டை நான் பதிவு செய்து வைத்துவிட்டேன் என்று அவ்வளவு கர்வமாகவும் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவன் வீட்டுக்கு வந்து, கழுத்துப் புண்ணும் ஆறிய பிறகு ஆல்பம் வந்தது. பெரிய ஸ்பீக்கரை ராயப்பன்பட்டிக்கே தூக்கிக்கொண்டு போய் அவன் வீட்டுக் கூடத்தில் வைத்தோம். நிறைமாதமாக இருந்த ஸ்டெல்லா ஸ்பீக்கர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் வெல்வெட் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு கல்யாண ஆல்பம். பளிச்சென்று கிளாசி தாள். முதல் பக்கத்தில் இதய வடிவத்துக்குள் ஜெரோமும் நானும். சுற்றிலும் ரோஜா இதழ்கள். கீழே ‘இரு மனம் இணைந்த நன்னாள்’.

“பாட்டு எங்கலே?” என்றான் பாண்டி. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினோம். வெல்வெட் துணியைக் கிழித்துக்கூடப் பார்த்தேன். பிறகு செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“பாட்டா? நீங்க ஆல்பந்தான தம்பி கேட்டீக? லைவுன்னா போஸ் குடுக்காம எடுக்குறது. வீடியோவே வேணாம்னு சொன்னீகள்ல?” என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஸ்டெல்லா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அழும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. ஜெரோம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். நிறையப் பக்கங்களில் அவன் வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். இதயப் படத்துக்குத் திரும்ப வந்து அதையே பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பதறிப் பக்கத்தில் போனால், சிரிக்கிறான். சத்தமே வராத சிரிப்பு. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பழைய ஒத்திகைப் பதிவுகளையெல்லாம் தேடி எடுத்தோம். எல்லாவற்றிலும் என் டிரம்ஸ்தான் கேட்டது.

மகள் பிறந்தாள், ஜெசி. அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த புத்தகம் அந்த ஆல்பம்தான். பேச்சு வந்ததும் ஆரம்பித்துவிட்டாள். “மாமா, இங்கன அப்பா என்ன பாடுறாக?” வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் பாடிக் காட்ட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம். மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அடுத்த வீட்டு ஆடு கத்தும், நான் பாடுவேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது ஆல்பம் முழுவதையும் பாடி முடித்தேன். ஜெசி ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“மாமா, அப்பாவும் இப்படித்தான் பாடுவாகளா?”

“இதே பாட்டுத்தான்டா.”

“அப்ப சரி. பெருசா ஒண்ணும் நட்டமில்ல” என்றாள்.

கூடமே வெடித்துச் சிரித்தது. “அடி போடீ, ஒங்கப்பா எப்படிப் பாடுவாக தெரியுமா?” என்று ஸ்டெல்லா எழுந்தாள். “எப்படிம்மா?” என்றாள் பிள்ளை. ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். ஒன்றும் வராமல், திரும்ப உட்கார்ந்துகொண்டாள். ஜெரோம் மட்டும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்கும் அந்த வீட்டில் தட்டு உடைந்தாலும், மழை வந்து விருந்து கெட்டாலும் யாராவது ஒருவர் “பெருசா ஒண்ணும் நட்டமில்ல” என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். ஸ்டெல்லாவும் பாண்டியும் நானும்கூடச் சிரிப்போம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.