ஊற வைத்த முதல் தரக் கரி

சென்னையில் வாழும் ஒருவருக்குக் கரியைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய அவசியம் அநேகமாக வருவதில்லை. வந்தாலும் அது பெரிய விஷயமாக இருந்ததில்லை. சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தனபாலனின் கரிக்கடைக்குப் போக வேண்டியது, மூட்டைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுக்க வேண்டியது, இன்னொரு துண்டால் தட்ட வேண்டியது. கணீரென்றால் நல்ல கரி. சத்தமே வராவிட்டால் ஈரம். அவ்வளவுதான் அந்த சாஸ்திரம்.

இஸ்திரி வண்டிக்காரர்கள் அப்படித்தான் வாங்கினார்கள். மயிலாப்பூரிலிருந்து சாம்பிராணி போடக் கரி வாங்க வருகிறவர்கள் தட்டக்கூட மாட்டார்கள். "அண்ணாச்சி, நல்லதா பாத்து ஒரு பை போடுங்கோ" என்பார்கள். அண்ணாச்சியும் பார்த்துத்தான் போடுவார், அதே மூட்டையிலிருந்து. ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலம். கடையில் வேறு கரியே கிடையாது.

அப்புறம் அடையாறுக்குக் குளிர் வந்தது.

மார்கழியில் சென்னையில் அடிக்கும் குளிர் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். மின்விசிறியை ஐந்திலிருந்து நாலுக்குக் குறைப்போம். அந்தக் கொடுமையிலிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, அடையாறு அடுக்குமாடி வாசிகள் மொட்டை மாடியில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காரத் தொடங்கினார்கள். அவர்களில் ஜெயஸ்ரீ என்ற பெண்மணி ஒருநாள் கடை வாசலில் காரை நிறுத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

"அங்கிள், இது என்ன மரம்?"

"கருவேலம்மா."

"ஆர்கானிக்கா?"

"தானா முளைச்சதும்மா. யாரும் ஒண்ணும் போடல."

"சரி, அடுப்புக்கு எது? ஓப்பன் ஃபயருக்கு எது? சாம்பிராணிக்கு எது? எல்லாத்துக்கும் ஒண்ணேவா குடுப்பீங்க?"

அந்தக் கேள்வி தனபாலனின் மனதில் தைத்தது. மறுநாள் காலையில் கடையில் மூன்று கூடைகள் இருந்தன. 'அடுப்புக் கரி', 'திறந்தவெளிக் கரி', 'தியானக் கரி' என்று மூன்று அட்டைகள். மூட்டை ஒன்றுதான். ஜெயஸ்ரீ மூன்றிலும் வாங்கிப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு வாசனையிலேயே வித்தியாசம் சொல்லிவிட முடிகிறது என்று அடுத்த வாரம் வந்து சொன்னாள். தனபாலனுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. வியாபாரம் சூடு பிடித்ததும் கூச்சம் போய்விட்டது.

ஜெயஸ்ரீயின் மொட்டை மாடிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் சிதம்பரநாதன் இருந்தார். கோட்டையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். புகை அவர் வீட்டு ஹாலுக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்தியிருக்கலாம். ஆனால் வாழ்நாளெல்லாம் மனு வாங்கிய மனிதருக்கு மனு கொடுத்துப் பார்க்கும் ஆசை ரொம்ப நாளாக இருந்தது. கொடுத்தார். அது மேஜை மேஜையாகப் பயணம் செய்து, அடுத்த மழைக்காலத்துக்குள் ஓர் அலுவலகமாகவே பிறந்துவிட்டது. பெயர்: இல்ல எரிகரித் தேர்வு மற்றும் புகைத் தவிர்ப்பு இயக்ககம்.

அதன் துணை இயக்குநர் ஸ்ரீஹரி புகைமானி ஒன்றுடன் தனபாலன் கடைக்கு எழுந்தருளினார். வெள்ளைச் சட்டை. கை மடிப்பில் வெண்டைக்காய் நறுக்கலாம். மந்தைவெளியில் அன்புச்செல்வி என்பவளின் இஸ்திரி வண்டியில் தேய்த்த சட்டை அது. அந்த வண்டிக்குக் கரி போனது தனபாலன் கடையிலிருந்துதான் என்பது இயக்ககத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை.

"விதி மூணே மூணுதான்" என்றார் ஸ்ரீஹரி. "கரி புகையக் கூடாது. பொறி பறக்கக் கூடாது. கையில ஒட்டக் கூடாது."

"அப்போ அது கரியா சார்?"

"அதை முடிவு பண்றதுக்குத்தான் இயக்ககம்."

கூடைக்கு ஒரு துண்டு எடுத்து, மேலே கற்பூரம் வைத்துப் பற்றவைத்தார். கற்பூரத்திலிருந்து கரும்புகை கிளம்பியது.

"சார், புகை கற்பூரத்துலேர்ந்துல்ல வருது?"

"அது பக்தி. கணக்குல சேராது."

கரி கனன்றது. மானியின் முள் துள்ளியது. அடுப்புக் கரி தோற்றது, திறந்தவெளிக் கரி படுதோல்வி அடைந்தது, தியானக் கரியின் நிலைமை மிகவும் கவலைக்கிடம் என்று பதிவாயிற்று. மூன்றும் ஒரே மூட்டை சார் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அது வெளியே தெரிந்தால் ஜெயஸ்ரீ போய்விடுவாள்.

"ஒரு வாரம் டைம் தரேன். அப்பவும் புகைஞ்சா கடைக்கு சீல்" என்று சொல்லிவிட்டு ஸ்ரீஹரி ஜீப்பில் ஏறினார்.

அப்பா வாடகைக்குப் பிடித்த கடை. தனபாலனுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு தொழில் தெரிந்தவன் எவனாவது இந்தக் காலத்தில் கரி விற்பானா? அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வார நடுவில் மழை பிடித்தது. அடையாற்றில் வெள்ளம் வந்து, மார்க்கெட்டுக்குள் தண்ணீர் வந்து, தனபாலனின் மூட்டைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. பரணில் இருந்த ஒரு மூட்டைதான் தப்பியது. தண்ணீர் வடிந்த கையோடு ஸ்ரீஹரி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"சார், எல்லாம் ஊறிப் போச்சு. காய்ஞ்சப்புறம் வாங்களேன்."

"தேதி போட்டாச்சு. எடுங்க."

கற்பூரம் வைத்தார். 'ஸ்ஸ்' என்று அணைந்தது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் 'ஸ்ஸ்'. முள் அசையவில்லை. ஸ்ரீஹரி மானியைத் தட்டிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

"புகை?"

"இல்ல சார்."

"பொறி?"

"அதுக்கு முதல்ல பத்தணுமே சார்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பொறி வந்ததா?"

"வரல சார்."

வெள்ளைக் கைக்குட்டையால் துண்டைத் துடைத்தார். நாலு நாள் ஆற்றுத் தண்ணீரில் குளித்த கரி. கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. ஸ்ரீஹரி அதை விரித்துத் தூக்கிக் காட்டினார். "முதல் தரம்! ஊர்ல முதல் முறையா ஒரு கரி பாஸ் ஆகியிருக்கு!"

"சார், ஆனா இது எரியாதே?"

"எரியணும்னு விதியில எங்கயாவது இருக்கா?"

இல்லை. சீல் வைக்க வந்த கை பாராட்டு எழுதும்போது அதைத் தட்டிவிட யாருக்குத்தான் மனசு வரும்?

அன்று முதல் கரியைத் தண்ணீர் டிரம்மில்தான் வைத்திருக்க வேண்டும், உலர்ந்த கரி வைத்திருப்பது குற்றம் என்று ஆணை வந்தது. கடை வாசலில் 'முன்மாதிரி எரிகரி நிலையம்' என்று பெரிய பலகை மாட்டினார்கள். அடையாறு அதை அப்படியே அள்ளிக்கொண்டது.

"ஊற வெச்சா டாக்ஸின் எல்லாம் வெளிய வந்துடுது அங்கிள், நான் படிச்சேன்" என்றாள் ஜெயஸ்ரீ. மொட்டை மாடியில் ஈரக் கரியைக் குவித்து, சால்வை போர்த்திக்கொண்டு, சுற்றி உட்கார்ந்து கையைக் காட்டினார்கள். ஒரு மாதிரி இதமாக இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பசித்தபோது செல்போனில் பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டார்கள். தி.நகர் கடை ஒன்றில் சின்னச் செப்புப் பாத்திரத்தில் ஊறிய கரி விற்பனைக்கு வந்தது. ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக அதைப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஒருநாள் அன்புச்செல்வி காலிச் சாக்கோடு வந்தாள். டிரம்மிலிருந்து ஒரு துண்டை எடுத்து இன்னொன்றால் தட்டினாள். சத்தமே வரவில்லை.

"இன்னா அண்ணாச்சி, கரி ஊறிக்கினு கீது?"

"இதுதாம்மா இப்ப முதல் தரம்."

"ஊற வெச்சி நா இன்னா மாவா அரைக்கப்போறேன்? பொட்டி சூடாவணும் அண்ணாச்சி. பழைய மூட்டை எதுனா கீதா, இல்லியா?"

தனபாலன் பரணைப் பார்த்தார். பார்த்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

"சீல் வெச்சிருவாங்கம்மா."

"உனுக்கு சீலு. எனுக்கு சோறு" என்றாள் அவள். சாக்கை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் மற்ற இஸ்திரி வண்டிக்காரர்களும் வருவதை நிறுத்தினார்கள்.

போனால் போகட்டும், அடையாறு இருக்கிறது என்று தனபாலன் தேற்றிக்கொண்டார். அடையாறும் வரவில்லை. கரி எரிந்தால்தானே தீரும்? தீர்ந்தால்தானே திரும்ப வாங்க வருவார்கள்? ஒருமுறை வாங்கியவர்கள் வீட்டில் அந்தக் கரி பேரன் பேத்தி காலம் வரைக்கும் வரும்போலிருந்தது. பங்குனி, சித்திரை எல்லாம் ஈயோட்டிவிட்டு, தனபாலன் இயக்ககத்துக்குப் போனார்.

"சார், ஒருத்தரும் கரி வாங்க வர்றதில்ல."

ஸ்ரீஹரி எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "எரிகரி நுகர்வு பூஜ்யம்! இன்னும் இருபது வருஷம் ஆகும்னு நினைச்சிருந்தோம்!"

"சார், கடையை மூடிடலாம்னு பாக்கறேன்."

"அது எப்படி? நீங்க முன்மாதிரி நிலையம். வெளிமாநிலத்துலேர்ந்து பார்வையிட வராங்க."

"வாடகை போகுது சார். சீலாவது வெச்சிருங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும். அதைக் காட்டி கடை ஓனர்கிட்ட கணக்கை முடிச்சுக்கறேன்."

"சீல் வைக்கணும்னா உங்க கரி எரியணும் அண்ணாச்சி. எரியாத கடைக்கு சீல் வெச்சா எனக்கு மெமோ வரும்."

தனபாலன் கடைக்குத் திரும்பியதும் பரணிலிருந்த மூட்டையை இறக்கினார். வாசலில் கொட்டி, கற்பூரம் போட்டு விசிறினார். காய்ந்த கரி கனகனவென்று பிடித்தது. அதன் மேல் டிரம்மிலிருந்து முதல் தரத்தை இரண்டு கை அள்ளிப் போட்டார். கிளம்பியது பாருங்கள் புகை! மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தனபாலன் நிம்மதியாக ஸ்ரீஹரிக்குப் போன் போட்டார்.

ஸ்ரீஹரி வந்தார். தன் மனு பலன் கொடுத்த இடத்தைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசைப்பட்ட சிதம்பரநாதனும் கூட வந்தார். முள் கடைசி வரை போய் அங்கேயே சிக்கிக்கொண்டது. புகை என்று எழுதினால் இந்தக் கடைக்கு முதல் தரம் கொடுத்தது யார் என்ற கேள்வி வரும். கொடுத்தது ஸ்ரீஹரி. அந்த இயக்ககத்தையே மனுப் போட்டுக் கேட்டு வாங்கியது சிதம்பரநாதன். இருவரும் ஒருவரையொருவர் புகைக்குள் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"புகை இல்லை" என்று எழுதினார் ஸ்ரீஹரி.

"சார்! உங்க கண்ணுலேர்ந்து தண்ணியா கொட்டுதே!"

"ஆனந்தக் கண்ணீர்" என்றார் ஸ்ரீஹரி, இருமிக்கொண்டே.

"எனக்கும் நெஞ்சை அடைக்கறது" என்றார் சிதம்பரநாதன். அது உண்மைதான்.

அன்றோடு தனபாலன் கடைக் கரியிலிருந்து எது வந்தாலும் அது புகை இல்லை என்பது அரசின் நிலைப்பாடாயிற்று. டிரம் உள்ளே போனது. மூன்று கூடைகளும் வெளியே வந்தன. அடையாறு மொட்டை மாடிகளில், வெயில் காலம் என்றும் பாராமல், மறுபடியும் நெருப்பு எரிந்தது. சிதம்பரநாதன் ஹாலில் உட்கார்ந்து தினமும் ஆனந்தக் கண்ணீர் விட்டார். தனபாலனை இயக்ககத்தின் வல்லுநர் குழுவில் சேர்த்து, கழுத்தில் மாட்ட அடையாள அட்டையும் கொடுத்தார்கள்.

அந்த அட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் ஒரு சாக்கு நல்ல கரியும் வைத்துக்கொண்டு, தனபாலன் மந்தைவெளிக்குப் போனார். அன்புச்செல்வியின் வண்டியில் புதிதாக கேஸ் இஸ்திரிப் பெட்டி இருந்தது. சட்டை வாங்க ஸ்ரீஹரி நின்றுகொண்டிருந்தார். அன்புச்செல்வி சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தட்டினாள். கணீரென்றது.

"கரி நல்லாத்தான் கீது. வேணாம் அண்ணாச்சி. நீ எப்ப ஊற வெப்பேன்னு எனுக்குத் தெரியாது. கம்மல வெச்சி இந்தப் பொட்டிய வாங்கிட்டேன்."

ஸ்ரீஹரி குனிந்து பெட்டியைப் பார்த்தார். உள்ளே நீலமாக ஏதோ தெரிந்தது. அவர் முகம் மாறியது.

"என்னம்மா இது, எரியறதே?"

"எரிஞ்சாதான் சார் சூடு."

"இதுக்கு யார் தரம் குடுத்தது?" என்று கேட்டுவிட்டு, ஸ்ரீஹரி தனபாலன் பக்கம் திரும்பினார். "வல்லுநர் என்ன சொல்றீங்க?"

அன்புச்செல்வியும் தனபாலனைப் பார்த்தாள். "அது இஸ்திரிப் பொட்டி சார், விடுங்க" என்று சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. கூடவே கடையும் அந்தப் பலகையும் சீலும் கண் முன்னால் வந்தன.

"ஊற வெச்சா சரியா வரும் சார்" என்றார் தனபாலன்.

அன்புச்செல்வி கேஸைத் திருகி அணைத்தாள். தேய்க்காமல் கசங்கிக் கிடந்த ஸ்ரீஹரியின் சட்டைகளை அப்படியே சுருட்டி அவர் கையில் வைத்தாள்.

"இந்தா சார். புகை வராது, பொறி பறக்காது, கையில ஒட்டாது. முதல் தரம் இஸ்திரி."

முதல் தரம் என்றதை வேண்டாம் என்று சொல்ல ஸ்ரீஹரிக்கு அதிகாரம் இல்லை. அதையே போட்டுக்கொண்டு மறுநாள் ஆபீசுக்குப் போனார். மேலதிகாரி எப்படி வருகிறாரோ அப்படித்தானே கீழே இருப்பவர்களும் வர வேண்டும்? இயக்ககம் முழுக்கக் கசங்கியது. அதைப் பார்த்து அடையாறு கசங்கியது. தேய்க்கத் துணி வராமல் இஸ்திரி வண்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தீபாவளிக்குத் தி.நகர் கடைகளில் கசங்கிய சட்டைகள், 'புகையில்லா இஸ்திரி' என்ற அட்டையோடு, இரண்டு மடங்கு விலையில் தொங்கின.

தனபாலனும் இரண்டு எடுத்தார். பில் போட்ட பெண்ணிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏம்மா, துவைச்சு யாராவது இஸ்திரி போட்டுட்டா இந்தக் கசங்கல் போயிடாதா?"

"போயிடும் சார்" என்றாள் அவள். "ஆனா போடறதுக்கு இப்ப ஊர்ல யாரு இருக்காங்க?"